வகுப்புக்கு ஒரு முட்டாள்

என் மனைவி கல்லூரி நூலகராக இருந்தாள். அவள் போன பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவளைப் புத்தகங்களோடு சேர்த்தே பேசினார்கள். புத்தகத்துக்குள்ளேயே வாழ்ந்தவர் என்றார்கள். கடைசி சில வருடங்களில் அவள் புத்தகத்தைத் தொட்டதே குறைவு என்பது அவர்களுக்குத் தெரியாது. அவளுடைய வேலை பெரும்பாலும் எங்கள் சாப்பாட்டு மேசையில், ஒரு மடிக்கணினிக்கு முன்னால் நடந்தது.

கல்லூரிக்குப் பல ஊர்களில் கிளைகள் இருந்தன. அந்தக் கிளைகளின் முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு காலை, இணையம் வழியாக, எப்படித் தேடுவது என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். ஒரு கட்டுரை எழுத ஆதாரம் எங்கே கிடைக்கும், கிடைத்ததை நம்பலாமா, யார் சொன்னது என்று அதை எப்படிக் குறிப்பிடுவது. பாடம் இவ்வளவுதான். தேடல் பெட்டியில் தட்டினால் வந்து விழுகிறது, இதற்கு ஒரு வகுப்பா என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். எனக்குச் சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. "கடையில அத்தனை கண்ணாடி அடுக்கி வெச்சிருக்கீங்க. வர்றவங்க ஒண்ணை எடுத்து மாட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதானே, நடுவுல நீங்க எதுக்கு?" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வகுப்பில் அவளுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. மாணவர்கள் யாரும் கேமராவைத் திறப்பதில்லை. திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அவர்களாக வைத்துக்கொண்ட ஒரு பெயர். ஒருவன் 'தூக்கம்'. ஒருத்தி 'நாளைக்கு'. இன்னொருவன் 'சார்ஜ் இல்லை'. அவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. சந்தேகம் இருக்கிறதா என்று இவள் கேட்பாள். ஒரு எழுத்து வராது. "கிணத்துல கல்லைப் போட்டாக்கூட ஒரு சத்தம் வரும்" என்று சொல்லி, வகுப்பு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பாள்.

அவள் யோசிக்கிற ஆள். பிள்ளைகளுக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை, மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, நமக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள், முதல் முட்டாளாக யாரும் விரும்பவில்லை என்று கண்டுபிடித்தாள். ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, "எனக்கு வகுப்புக்கு ஒரு முட்டாள் வேணும்" என்றாள். எங்கே போய்த் தேடுவாய் என்றேன். "எதுக்குத் தேடணும்? வீட்டுலயே நல்லதா ஒண்ணு இருக்கும்போது."

அப்படித்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். கடையிலிருந்த பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து படுக்கையறையில் வைத்துக்கொண்டேன். எனக்குக் 'கடைசி பெஞ்சு' என்று பெயர் வைத்தவள் அவள்தான். என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடு, கேட்கிறேன் என்றதற்கு மறுத்துவிட்டாள். நடிக்க வேண்டாம், நிஜமாகப் புரியாததைக் கேட்டால் போதும், அதிலேயே இரண்டு பருவம் ஓடும் என்றாள். பேசவும் கூடாது. எல்லாரும் தட்டச்சு செய்கிற அரட்டைப் பெட்டியில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

என் முதல் கேள்வி இது: மேடம், கண் என்று போட்டால் லட்சக்கணக்கில் வருகிறது, எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு யாரோ ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டார்கள். அதற்குக் கீழே 'நாளைக்கு' எழுதினாள்: எனக்கும் அதே டவுட். அதற்குக் கீழே இன்னொருவன். கதவு திறந்துகொண்டது.

"பெஞ்சு, நல்ல கேள்விப்பா" என்றாள் என் மனைவி. "நீ என்ன தேடறேன்னு உனக்கே தெரியலைன்னா அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்? கண்ணுல என்ன? யாரோட கண்ணு? குழந்தையா, வயசானவங்களா? வா, சேர்ந்து சுருக்குவோம்."

அவள் குரல் எனக்கு இரண்டு முறை கேட்கும். முதலில் சுவர் வழியாக, ஒரு மூச்சு கழித்துக் கணினி வழியாக. சுவர் வழியாக வருவது என் மனைவி, கணினி வழியாக வருவது மேடம். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீங்க' என்றே சொல்லிவந்தவள் அந்த வகுப்பில் வாய் நிறைய 'நீ' என்றாள். வாடா என்று சொல்லாததுதான் பாக்கி. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது மறுபடியும் 'நீங்க'. இன்றைக்கு நீங்கள் கேட்டது அருமையான கேள்வி, எப்படித் தோன்றியது என்பாள். தோன்றவில்லை, நிஜமாகவே புரியவில்லை என்பேன். அவளுக்குப் புரையேறும்.

இப்படித்தான் நானும் கற்றுக்கொண்டேன். இரண்டு சொற்களைச் சேர்த்துப் போட்டால் எப்படிக் குறைகிறது, ஒரே பொருளுக்கு வேறு சொல் போட்டால் எப்படிப் புதிதாக ஒரு வாசல் திறக்கிறது, ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் அடியில் உள்ள குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்தியவற்றுக்கு எப்படிப் போவது என்றெல்லாம். மாணவர்கள் கட்டுரையோடு தாங்கள் தேடிய வழியையும் எழுதித் தர வேண்டும்: என்ன சொல் போட்டேன், என்ன வந்தது, ஏன் வேண்டாம் என்றேன். தேடிக் கிடைக்காமல் போனதற்கும் மதிப்பெண் உண்டு. "கிடைக்கலைன்னு தைரியமா எழுதுங்க" என்பாள். "கிடைக்காததைக் கிடைச்ச மாதிரி எழுதறதுதான் திருட்டு."

பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு செல்போன் குழு வைத்திருந்தார்கள். பெஞ்சு இல்லாமல் குழுவா என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள். கடையின் இரண்டாவது எண்ணைக் கொடுத்திருந்தேன். நரைத்த மீசையோடு உட்கார்ந்து யாருக்கோ கண்ணாடியின் மூக்குத்தண்டைச் சரிசெய்துகொண்டிருப்பேன், சட்டைப் பையில் 'டேய் பெஞ்சு, நாளைக்கு வருவியாடா' என்று ஒரு செய்தி வந்து விழும்.

இது ஏமாற்று இல்லையா என்று அவள் அவ்வப்போது கவலைப்படுவாள். ஆதாரம் பொய்யாக இருக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறவள் மாணவனையே பொய்யாக வைத்திருக்கிறாளே என்று. கடைசி வகுப்பில் என்னைக் கேமரா முன்னால் உட்கார வைத்து, இதோ உங்கள் பெஞ்சு என்று காட்டிவிடுவதாக முடிவு செய்திருந்தாள். அன்றைக்கு எந்தச் சட்டை போட வேண்டும் என்றுகூடச் சொல்லியிருந்தாள்.

தூக்கம் என்ற பையனின் விவகாரம் அதற்கு முன் வந்தது. அவன் சமூகப்பணித் துறை. நூற்பாலை இரைச்சலில் பெண் தொழிலாளர்களின் காது கெடுவதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான். நன்றாகவே எழுதியிருந்தான், அடிக்குறிப்பெல்லாம் போட்டு. என் மனைவிக்கு ஒரு வழக்கம் உண்டு. மாணவர்கள் காட்டுகிற ஒவ்வொரு ஆதாரத்தையும் தானே தேடிப் பார்ப்பாள். இவனுடையதில் மூன்று கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. ஆசிரியர் பெயர் நிஜம், இதழின் பெயர் நிஜம், அப்படி ஒரு கட்டுரை மட்டும் கிடையாது. கேட்டால் எழுதித் தரும் செயலி ஒன்றில் கேட்டிருக்கிறான், அது கற்பனையில் பெற்றெடுத்துக் கொடுத்திருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் அவனை மட்டும் இருக்கச் சொன்னாள். நான் யாரோ கதவைத் தட்டினார்கள் என்று எழுந்து போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாரும் போய்விட்டிருந்தார்கள், என் கணினி மட்டும் வகுப்பிலேயே இருந்தது. பையன் முதல்முறையாகக் கேமராவைத் திறந்திருந்தான். ஒடிசலான முகம். பின்னால் கொடியில் துணி.

விதிப்படி இதைத் துறைக்கு எழுத வேண்டும், எழுதினால் உனக்குப் பூஜ்யம், இந்த வருடம் போய்விடும் என்று அவள் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் இன்னும் எழுதல" என்றாள். "கடைசி வகுப்புக்கு முன்னாடி மூணுக்கும் நிஜமான ஆதாரத்தைத் தேடு. கிடைச்சா போடு. கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு எழுது. தேடின வழி எல்லாத்தையும் காட்டு. அதைத்தான் நான் வாங்கிப்பேன்." அப்போதுதான் என் கட்டம் இருப்பதைப் பார்த்தாள். "பெஞ்சு, நீ இன்னும் போகலையா? கேட்டது உன்னோட இருக்கட்டும்."

"பரவால்ல மேடம்" என்றான் பையன். "பெஞ்சு நம்ம ஆளுதான்."

அவனுடைய அம்மா நூற்பாலையில் வேலை செய்கிறவர், அவருக்கே காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்று அன்றைக்குச் சாயங்காலம் அவள் எனக்குச் சொன்னாள். அவன் எழுதியதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும், உண்மைக்குப் போய்ப் பொய்ச் சாட்சி வைத்துவிட்டான் என்று வருத்தப்பட்டாள்.

கடைசி வகுப்பு வருவதற்குள் அவள் இறந்துபோனாள். ஒரு காலையில், திடீரென்று. எப்படி என்று கேட்டவர்களுக்கு 'ஹார்ட்' என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லோடு எல்லாரும் தலையை ஆட்டி நகர்ந்துகொண்டார்கள்.

வீடு நிறைய ஆட்கள். சாவு வீட்டில் கணவனுக்கென்று சில வேலைகள் இருக்கின்றன. கையைப் பிடித்துக்கொள்ள வருகிறவர்களிடம் கையைக் கொடுக்க வேண்டும். அழுகிறவர்களைத் தேற்ற வேண்டும். எந்தக் காகிதம் எந்த அலமாரியில் என்று சொல்ல வேண்டும். அதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. தூக்கம் எழுதியிருந்தான்.

'பெஞ்சு இருக்கியாடா. ஒரு கெட்ட நியூஸ். நம்ம மேடம் இறந்துட்டாங்க. சும்மா கிளப்பி விடறாங்களோன்னு காலேஜ் சைட்ல போய்ப் பாத்தேன். உண்மைதான்.'

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்தது வந்தது.

'உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உன் கேள்விக்குத்தான் அவங்க சிரிப்பாங்க. உனக்குத்தான் ரொம்ப கஷ்டமா இருக்கும்.'

பிறகு: 'சாப்ட்டியா?'

இல்லை என்று எழுதினேன். ஏதாவது சாப்பிடு, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். நிறைய பேர் இருக்கிறார்கள் என்றேன். 'அப்ப சரி. தனியா உக்காராத' என்றான். நான் போய் ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்த என் மனைவியின் தங்கை, யார் சொல்லியும் கேட்காத மனுஷன் தானாகவே சாப்பிடுகிறாரே என்று வாசற்படியில் நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகு தினமும் எழுதிக்கொண்டோம். மற்ற எல்லாரிடமும் நான் மனைவியை இழந்தவன். அது என்னால் தூக்க முடியாத எடை. அவனிடம் நான் டீச்சரை இழந்த மாணவன். அந்தத் துக்கம் கொஞ்சம் சின்னது, கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது. மேடம் மைக்கை அணைக்க மறந்து பால்காரரோடு சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா என்பான். பூனை மேசை மேல் ஏறியபோது அதற்கும் வருகை போட்டாரே என்பேன். "இந்த வயசுல யார்கிட்ட மாமா இவ்வளவு டைப் பண்றீங்க?" என்று தங்கை கேட்டாள். ஒரு ஃப்ரெண்டு என்றேன். "உங்களுக்கா?" என்றாள்.

வகுப்பை அவளுடைய துறைத் தலைவர் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர், விதி என்றால் விதி. சாவுக்கு வந்து கடைசிவரை நின்றவர். என் மனைவிக்கு இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தவரும் அவர்தான். அதில் படிக்கப்போகும் குறிப்பை முன்கூட்டியே எனக்கு அனுப்பியிருந்தார். நேர்மைக்கு இலக்கணமாக இருந்தவர் என்று அதில் ஒரு வாக்கியம்.

மாணவர்களின் கட்டுரைகளைத் திறந்தபோது அவர் கண்ணில் தூக்கத்தின் கட்டுரை பட்டது. மூன்று அடிக்குறிப்புகளுக்கு அருகே என் மனைவி 'இல்லை' என்று எழுதி வைத்திருந்தாள். அவள் கொடுத்த தவணையைப் பற்றி எங்கும் எழுதவில்லை. பையனை விசாரணைக்குக் கூப்பிட்டார். அதுவும் இணையம் வழியாகத்தான்.

மேடம் எனக்கு நேரம் கொடுத்தார், தேடி முடித்துவிட்டேன் என்று பையன் சொல்லியிருக்கிறான். போனவர் மேல் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவன் எனக்கு எழுதினான்: 'நீ அன்னைக்குக் கடைசி வரைக்கும் இருந்தல்ல. நீ மட்டும்தான்டா இருந்த. வந்து சொல்றியா? கேமரா ஆன் பண்ணணுமாம். ஐடி கார்டு காட்டணுமாம். எனக்கு வேற யாரும் இல்ல மச்சி.'

நான் பதில் எழுதவில்லை. கடைக்குப் போனேன். வந்தவர்களுக்கு வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டேன். போகாவிட்டால் பையனுக்கு ஒரு வருடம் போய்விடும். போனால், பொய் ஆதாரத்தைப் பிடித்த நூலகர் பொய் மாணவனை வகுப்பில் வைத்திருந்தார் என்று ஆகிவிடும். அதை விளக்கிச் சொல்ல அவள் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புருஷனை உட்கார வைத்து எங்களைப் பார்த்துச் சிரித்தாரா என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அவளுக்கென்று மிச்சம் இருப்பது அந்த நல்ல பெயர்தான். அதையும் நான் கொண்டுபோய்க் கொடுப்பதா?

சாயங்காலம் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அக்கா என்னை 'நீ' என்று சொன்னதைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் சிரித்து, அது அப்படியே அழுகையாகி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அக்காவே சொல்றதாத்தானே இருந்தா, மாமா."

"அவ சொல்றது வேற. நான் சொல்றது வேற."

"வேறதான். அதுக்காக அந்தப் பையன் நடுத்தெருவுல நிக்கணுமா? அக்கா பேரு என்ன அப்பளமா, தொட்டா உடைய?"

வருகிறேன் என்று பையனுக்கு எழுதினேன். 'தெய்வமே' என்று பதில் போட்டான்.

மறுபடி விசாரணை நடந்த அன்று சாப்பாட்டு மேசையில், அவள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து இணைந்தேன். திரையில் துறைத் தலைவர், குறிப்பெடுக்க ஓர் அலுவலர், பையன். என் கட்டம் மட்டும் கறுப்பாக, கடைசி பெஞ்சு என்ற பெயரோடு. "பெஞ்சு வந்துட்டான் சார்" என்றான் பையன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கேமராவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

துறைத் தலைவர் என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் போனார். "சார், நீங்களா? கூட்டம் பத்திப் பேசணுமா? லிங்க் மாறி வந்துட்டீங்க போல."

பையன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த அலமாரியையும் ஜன்னலையும் பார்த்தான். வாரா வாரம் மேடமுக்குப் பின்னால் பார்த்தவை.

"மாறி வரலை சார்" என்றேன். "பெஞ்சு நான்தான்."

நடந்ததைச் சொன்னேன். வகுப்பில் யாரும் வாய் திறக்காதது, அவள் என்னை உட்கார வைத்தது, கடைசி வகுப்பில் சொல்லிவிடுவதாக இருந்தது. பிறகு அன்றைக்குப் பையனிடம் அவள் என்ன சொன்னாள் என்பதை என் காதில் விழுந்தபடி சொன்னேன். அலுவலர் எழுதுவதை நிறுத்திவிட்டார். துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பேசியபோது குரல் மென்மையாகத்தான் இருந்தது.

"சார், உங்களை எனக்குத் தெரியும். மேடமையும் தெரியும். ஆனா பொய் ஆதாரத்துக்காக விசாரிக்கிற இடத்துல, பொய்ப் பேர்ல வகுப்புல இருந்த ஒருத்தரைச் சாட்சின்னு எடுத்துக்கிட்டா, நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?"

உதவ வந்து உபத்திரவம் செய்துவிட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். பையன்தான் பேசினான், என்னை விட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"சார், பெஞ்சு பொய்யா இருக்கட்டும். அந்த ஆளு கேட்ட கேள்வி எதுவும் பொய் இல்ல. அதெல்லாம் எனக்கும் தெரியாது, கேக்க வெக்கமா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "மேடம் டைம் குடுத்தாங்கன்னு நீங்க நம்ப வேணாம் சார். நான் தேடினதை மட்டும் பாருங்க."

தன் திரையைப் பகிர்ந்தான். கல்லூரியின் கட்டுரைத் தொகுப்பைத் திறந்து, எங்கள் கண்முன்னாலேயே தேடினான். முதல் கூற்று, பல வருட இரைச்சலில் காது கெடுவது பற்றி. போட்ட சொல், சுருக்கிய விதம், கிடைத்த கட்டுரை. இரண்டாவது, காதடைப்பான் கொடுத்தாலும் தொழிலாளர்கள் ஏன் போடுவதில்லை என்பது. நேராகக் கிடைக்கவில்லை. வேறொரு கட்டுரையின் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்தான். துறைத் தலைவர் முன்னுக்கு நகர்ந்து திரையைப் பார்க்க ஆரம்பித்தார். சொற்கள் தப்புத் தப்பாக விழுந்தன, அழித்து அழித்துப் போட்டான்.

மூன்றாவது, காது மந்தமாவதை வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது பிள்ளைகள்தான் என்ற வரி. என்னென்ன சொல் போட்டுப் பார்த்தான் என்பது ஒரு பக்கத்துக்கு மேல் இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"கிடைக்கலைன்னா அந்த வரியை எடுத்துடலாமேப்பா" என்றார் துறைத் தலைவர்.

"எடுத்துட்டேன் சார். வேற எழுதியிருக்கேன்."

படிக்கச் சொன்னார். படித்தான். 'இது பற்றி எந்த ஆய்வும் எனக்குக் கிடைக்கவில்லை. என் அம்மாவுக்குக் காது மந்தமாகி வருவதை எங்கள் வீட்டில் முதலில் கவனித்தது நான். ஒரு வீட்டில் நடந்தது ஆதாரம் ஆகாது. ஆனால் மற்ற வீடுகளில் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.'

பிறகு துறைத் தலைவர் இதைப் புதிய கட்டுரையாக எடுத்துக்கொள்வதாகவும், முதலில் செய்ததற்காக மதிப்பெண் குறையும், வருடம் போகாது என்றும் சொன்னார். அலுவலர் எழுதிக்கொண்டார். என்னிடம், பெஞ்சு யார் என்பதைப் பிள்ளைகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் வேறு மாதிரி போய்ச் சேரும் என்றார். இரங்கல் கூட்டம் நடந்தது. நன்றாகத்தான் பேசினார். நேர்மைக்கு இலக்கணம் என்ற வாக்கியம் அதில் இல்லை. அதைத் தங்கையும் கவனித்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

குழுவில் நான் யார் என்று எழுதினேன். 'சார்ஜ் இல்லை', அப்போ நாங்கள் டேய் என்று சொன்னதெல்லாம் என்று கேட்டு, பாதியில் நிறுத்திவிட்டான். 'நாளைக்கு' கேட்டாள், எங்களைப் பற்றி மேடமும் நீங்களும் வீட்டில் சிரிப்பீர்களா என்று. சிரிப்போம், பெரும்பாலும் என்னைப் பார்த்து என்று எழுதினேன். அதுதான் உண்மை. ஒருவர் குழுவை விட்டு வெளியேறினார். யாரென்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தூக்கத்திடமிருந்து ஒன்றும் வரவில்லை. விசாரணை முடிந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனவன் அவன். நாட்கள் போயின. காலையில் எழுந்ததும் செல்போனை எடுத்துப் பார்ப்பேன். அவனுக்கு வருடம் மிஞ்சியது, எனக்கு அவன் மிஞ்சவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழைப்பு வந்தது. நாங்கள் அதுவரை எழுதிக்கொண்டோமே தவிர, செல்போனில் பேசியதில்லை.

"சார்" என்று ஆரம்பித்து நிறுத்தினான். "அங்கிள்" என்றான். அதுவும் சரிப்படவில்லை போலிருக்கிறது. பேர் சொல்லாமலே பேசினான். வாரக்கணக்கில் கோபமாக இருந்தானாம். அம்மாவிடம் சொன்னானாம். அம்மாவுக்கு என்னிடம் பேச வேண்டுமாம். "அவங்களுக்குப் போன்ல கேக்காது. அவங்க பேசுவாங்க. நீங்க சொல்றதை நான் அவங்களுக்குச் சொல்றேன்."

அந்த அம்மாள் பெரிய குரலில், அடுத்த தெருவைக் கூப்பிடுவதுபோலப் பேசினார். "அண்ணே, இவன் எல்லாம் சொன்னான். எங்க வீட்டுக்கு நீங்க பண்ணினதை மறக்க மாட்டேன். உங்க வீட்டம்மா எப்படிண்ணே போனாங்க?"

ஹார்ட் என்றேன். "ஹார்ட்டாம்மா" என்று பையன் உரக்கச் சொன்னான்.

"அது டாக்டர் சொல்றது. என்ன நடந்துச்சுன்னு கேளுடா."

அவர்கள் காத்திருந்தார்கள்.

"காலையில முகம் கழுவிக்கிட்டு இருந்தா" என்றேன்.

"காலையில முகம் கழுவிக்கிட்டு இருந்தாங்களாம்மா."

"என்னைக் கூப்பிட்டா. போனேன். அப்படியே என் மேல சாஞ்சுட்டா."

அவன் அதையும் சொன்னான். என் வாயிலிருந்து மெதுவாகப் போனது, அந்தச் சின்ன வயதுக் குரலில் பெரிதாக, வேறு யாருக்கோ நடந்ததுபோலத் திரும்பி வந்தது. கேட்க முடிந்தது.

"ஒண்ணும் பேசலையாண்ணே?"

"பேசினா. குழாயை மூடுங்கன்னா."

"குழாயை மூடச் சொன்னாங்களாம்."

"மூடினீங்களா?"

"இல்ல. அவளைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். கையை எடுக்க முடியல. தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நேரம் ஓடுச்சு."

பையன் இதை உடனே சொல்லவில்லை. சொன்னபோது அம்மாவுக்குக் கேட்கவில்லை. என்னடா, சத்தமா சொல்லு என்றார். அவன் மறுபடியும், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

அந்தப் பக்கம் அந்த அம்மாள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"ஓடினா ஓடட்டும்ணே" என்றார். "தண்ணிதானே."